கவராயமா, திசைகாட்டியா? கிப்ளிங்கின் ஒரு கதையும் ஃப்ரீமேசன் ரகசியமும்

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் மாதம் ஒருமுறையாவது அந்தப் படம் வந்து விழும். ஒரு முக்கோணம், நடுவில் ஒரு கண், பக்கத்தில் ஒரு கவராயமும் மூலைமட்டமும். கீழே, உலகத்தையே இவர்கள்தான் ரகசியமாக ஆள்கிறார்கள் என்று நாலு வரி. போன மாதம் சித்தப்பா அனுப்பியதற்கு ஒழுங்காக ஒரு பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். குறிப்புகள் எடுக்க எடுக்க விஷயம் எங்கெங்கோ போய், கடைசியில் ரட்யார்ட் கிப்ளிங் 1888ல் வெளியிட்ட 'தி மேன் ஹூ வுட் பி கிங்' என்ற கதையில் வந்து நின்றது. ஃப்ரீமேசன் ரகசியம் பற்றி நான் படித்த விளக்கங்கள் எல்லாவற்றையும்விட இந்தக் கதை தெளிவாக யோசிக்கிறது. ஒரு இடத்தில் கோட்டையும் விடுகிறது. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி, தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம். மேசன் என்றால் கொத்தனார். இடைக்கால ஐரோப்பாவில் கல்வேலை செய்தவர்களின் கூட்டங்களிலிருந்து சொற்களையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு, கல்லையே தொடாத கனவான்கள் அமைத்துக்கொண்ட சகோதர அமைப்புதான் ஃப்ரீமேசன்ரி. லண்டனில் 1717ல் முதல் கிராண்ட் லாட்ஜ் கூடியது என்பது அவர்கள் மரபு. இல்லை, 1721தான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. (லாட்ஜ் என்றதும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரூம் போடும் இடம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. இவர்கள் கூடும் கிளைக்குப் பெயர் லாட்ஜ்.) மூலைமட்டம் என்றால் நேர்மை, ரசமட்டம் என்றால் சமத்துவம், தூக்குக்குண்டு என்றால் நிமிர்ந்த நடத்தை, கவராயம் என்றால் ஆசைகளை ஒரு வட்டத்துக்குள் நிறுத்திக்கொள்வது. மூன்று படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கைகுலுக்கல், ஒரு சைகை, ஒரு சொல்.

சரி, அந்தச் சொற்கள்தான் ரகசியம் என்றால் அந்த ரகசியம் வெளியே போய் முந்நூறு வருஷம் ஆகப்போகிறது. 1730லேயே சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் 'மேசன்ரி டிசெக்டட்' என்ற சின்னப் புத்தகத்தில் மூன்று படிகளின் சடங்கையும் கேள்வி பதிலாக அச்சடித்து விற்றுவிட்டார். சக்கைப்போடு போட்டது. இதனால்தான் 1730களில் லண்டன் கிராண்ட் லாட்ஜ் முதல் இரண்டு படிகளின் சொற்களை இடம் மாற்றி வைத்தது என்று மேசன் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எங்கள் தொழிலில் பாஸ்வேர்ட் கசிந்தால் உடனே மாற்றுவோம் இல்லையா, அதே வேலை. சொல் கசிந்தபோதும் அமைப்பு சாகவில்லை, வளர்ந்தது. அப்படியென்றால் அதன் உயிர் அந்தச் சொல்லில் இல்லை.

இன்னும் வேடிக்கை, மூன்றாம் படியின் கதை. சாலமோன் ஆலயத்தின் தலைமைக் கட்டடக்காரர் ஹிராம் அபிஃப்பை மூன்று பேர் வழிமறித்து ரகசியச் சொல்லைக் கேட்கிறார்கள். அவர் சொல்ல மறுத்துச் சாகிறார். சொல்லும் அவரோடு தொலைந்துபோகிறது. இன்று கொடுக்கப்படுவது அதற்குப் பதிலாக வைத்துக்கொண்ட மாற்றுச் சொல்தான். அதாவது எல்லாப் பூட்டையும் திறந்து உள்ளே போனால், பெட்டி காலி என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். சித்தப்பா அனுப்பும் படங்கள் இந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

இப்போது கிப்ளிங். லாகூரில் பத்திரிகை வேலை பார்த்துக்கொண்டிருந்த அவரை 'ஹோப் அண்ட் பெர்சிவரன்ஸ்' என்ற 782ஆம் எண் லாட்ஜ் 1886ல் சேர்த்துக்கொண்டது. அப்போது அவருக்கு இருபது வயது. இருபத்தொன்று ஆகியிருக்க வேண்டும். நல்ல செயலாளர் கிடைப்பார் என்பதால் சிறப்பு அனுமதி வாங்கிச் சேர்த்தார்கள் என்று தன் சுயசரிதையில் சொல்கிறார் (வருஷத்தை மட்டும் 1885 என்று தவறாக எழுதிவிட்டார்). முஸ்லிம்கள், இந்துக்கள், சீக்கியர்கள், காவல் நின்ற ஒரு யூதர் என்று எல்லோரையும் அங்கே சந்தித்ததைப் பெருமையாகவே நினைவுகூர்கிறார். அந்தப் பெருமையை முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா நம்ம திருச்சியில் 1770களிலேயே மேசனாகிவிட்டார். நவாப் வீட்டுப் பிள்ளைக்குக் கதவு சீக்கிரம் திறந்தது. ஆனால் கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற இந்து பல வருஷம் இழுத்தடிக்கப்பட்டு 1872ல்தான் உள்ளே போக முடிந்தது. ரசமட்டம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிற்கவில்லை.

கதைக்கு வருவோம். ரயிலில் ஒரு நாடோடி வெள்ளைக்காரன், பீச்சி கார்னஹன், பத்திரிகைக்காரரான கதைசொல்லியிடம் ஒரு உதவி கேட்கிறான். மார்வார் ஜங்ஷனில் சிவப்புத் தாடிக்காரன் ஒருவனிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். கேட்கும்போது கிழக்கு, மேற்கு, மூலைமட்டம், உன் அம்மாவுக்காகவும் என் அம்மாவுக்காகவும் என்று என்னமோ சுற்றி வளைக்கிறான். கல்லூரி முடித்த புதிதில் இதைப் படித்தபோது, பிச்சை கேட்பவன் பேச்சு என்று தாண்டிப் போய்விட்டேன். இப்போதுதான் தெரிகிறது, ஒவ்வொன்றும் மேசன் குறிப்பு. அந்த அம்மா, ஹிராமின் விதவைத் தாய். கதைசொல்லிக்குப் புரிகிறது, செய்தியைக் கொண்டு போகிறார். என் கண் முன்னாலேயே ஒரு கைகுலுக்கல் நடந்து முடிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எதையும் மறைக்காமலேயே ஒரு ரகசியம் எப்படி இயங்கும் என்பதை கிப்ளிங் வாசகன் மேலேயே செய்து காட்டிவிட்டார்.

பிறகு அந்த இருவரும், பீச்சியும் டேனியல் டிராவட்டும், காஃபிரிஸ்தானுக்குப் போய் ராஜாவாகப் போகிறோம் என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். மது, பெண் இரண்டும் கூடாது என்பது அதில் முக்கிய ஷரத்து. பைத்தியக்கார பூசாரி வேஷத்தில் கிளம்பும் டிராவட்டுக்குக் கதைசொல்லி தன் கடிகாரச் சங்கிலியில் தொங்கும் சின்ன காம்பஸ் ஒன்றைக் கழற்றித் தருகிறார்.

இங்கேதான் என் தலைப்பு. ஆங்கிலத்தில் அந்தச் சொல் வடக்கு காட்டும் கருவியையும் குறிக்கலாம், வட்டம் போடும் கருவியையும் குறிக்கலாம். தமிழில் சொல்ல வேண்டுமென்றால் திசைகாட்டியா, கவராயமா என்று முடிவு செய்தே ஆகணும். (பள்ளிக்கூட காம்பஸ் பாக்ஸ் நமக்குக் கொஞ்சம் உதவுகிறது.) நாடோடிக்குத் தரும் பயணப் பொருள் என்று பார்த்தால் திசைகாட்டி. ஒரு மேசன் இன்னொரு மேசனுக்குத் தருவது என்று பார்த்தால் கவராயம்: உன் ஆசையை வட்டத்துக்குள் வைத்துக்கொள் என்ற எச்சரிக்கை. டிராவட் அதைத் திசைகாட்டியாக மட்டும் எடுத்துக்கொண்டு போனான் என்பதுதான் என் வாசிப்பு. முழுக் கதையும் இந்த இரட்டை அர்த்தத்தில் நிற்கிறது.

மலைக்கு அந்தப்பக்கம், துப்பாக்கியின் பலத்தால் சில கிராமங்கள் கைக்கு வருகின்றன. பிறகு பாஷ்காய் தலைவன் ஒருவன் கைகுலுக்கும்போது மேசன் பிடியைக் கொடுக்கிறான்! அங்குள்ள தலைவர்களுக்கும் பூசாரிகளுக்கும் இரண்டாம் படி வரை தெரியும், மூன்றாம் படி தெரியாது. உடனே டிராவட் ஒரு லாட்ஜ் கூட்டலாம் என்கிறான். பீச்சி பயப்படுகிறான்: நமக்கு யாரும் அனுமதிப் பத்திரம் தரவில்லை, நாம் எந்த லாட்ஜிலும் பதவி வகித்ததும் இல்லை, இது விதிக்கு விரோதம். டிராவட் கேட்கவில்லை. இம்ப்ரா கோயிலில் லாட்ஜ் கூடுகிறது. தலைமை மேசன் உடுப்பை டிராவட் கட்டியதும் ஒரு கிழட்டுப் பூசாரி அலறிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்த கல்லைப் புரட்டப் பார்க்கிறான். கல்லைப் புரட்டி அடிப்பக்கத்து அழுக்கைத் தேய்த்தால், டிராவட்டின் உடுப்பில் இருக்கும் அதே குறி கல்லில் செதுக்கியிருக்கிறது. மற்ற பூசாரிகளுக்கே தெரியாத குறி.

அந்தக் கணத்திலிருந்து அவர்கள் மனிதர்கள் இல்லை, கடவுள்கள்.

ஒரு சாஃப்ட்வேர்காரனாக எனக்கு இந்த இடம் துல்லியமாகப் புரிகிறது. எங்களிடம் இரண்டு வேறு கேள்விகள் உண்டு. நீ யார் என்பது ஒன்று. உனக்கு இங்கே என்ன செய்ய உரிமை இருக்கிறது என்பது இன்னொன்று. லாகின் செய்தவன் எல்லாம் அட்மின் கிடையாது. கைகுலுக்கல் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில்: இவன் நம்மில் ஒருவன். டிராவட் அதையே இரண்டாவது கேள்விக்கும் பதிலாக ஆக்கிக்கொள்கிறான்: ஆகவே நான் உங்கள் ராஜா. பீச்சி சொன்ன அனுமதிப் பத்திரம் ஏதோ சில்லறை விதி மாதிரிப் படும். அதுதான் இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் இருந்த ஒரே சுவர்.

அதைவிடக் கூர்மையான இடம் பின்னால் வருகிறது. டிராவட் ஒப்பந்தத்தை மீறி ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறான். தலைவர்கள் வாய் திறக்கவில்லை. அந்த பாஷ்காய் தலைவன்தான் காரணம் சொல்கிறான்: மனிதப் பெண் கடவுளை எப்படிக் கட்டிக்கொள்வது? நீங்கள் தலைமைக் குறியைக் காட்டும்வரை உங்களை மனிதர்கள் என்றுதான் நினைத்திருந்தோம். யோசித்துப் பாருங்கள். எல்லா மனிதரும் சகோதரர் என்று சொல்வதற்கு ஏற்பட்ட குறி, இங்கே இரண்டு பேரை மனிதர் வரிசையிலிருந்தே நீக்கிவிட்டது. குறி அதேதான். காட்டுபவன் ஒன்று நினைக்கிறான், பார்ப்பவன் வேறொன்று படிக்கிறான். சின்னங்களுக்கு நிரந்தர அர்த்தம் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் ரகசியம் உடைந்துவிடும் என்று நினைப்பவர்கள் (சித்தப்பா உட்பட) இந்த இடத்தைப் படிக்கணும்.

முடிவு பலருக்கும் தெரிந்திருக்கும். பயத்தில் நடுங்கும் மணப்பெண் டிராவட்டைக் கடித்துவிடுகிறாள். ரத்தம் வருகிறது. கடவுளுக்கு ரத்தம் வராது. டிராவட் கயிற்றுப் பாலத்திலிருந்து விழுந்து சாகிறான். பீச்சியைச் சிலுவையில் அறைகிறார்கள், சாகாததால் விட்டுவிடுகிறார்கள். அவன் நண்பனின் காய்ந்த தலையைப் பையில் சுமந்துகொண்டு பத்திரிகை ஆபீசுக்குத் திரும்பி வருகிறான்.

பெண்ணால் கெட்டார்கள் என்று இதைச் சுருக்கிவிடுவது சுலபம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் படித்தேன். இந்த முறை ஒரு சின்ன விவரம் கண்ணில் பட்டது. லாட்ஜுக்கான உடுப்புகளைத் தைத்தது யார்? பூசாரிகளின் வீட்டார், டிராவட் கட்டியதை அங்குள்ள பெண்கள் செய்ததாகவே பீச்சி சொல்கிறான். அதாவது அந்தக் குறியைக் கையால் போட்டதே பெண்கள். ஆனால் அதன் அர்த்தம் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 1723ல் அச்சான ஆண்டர்சனின் மேசன் சட்டப் புத்தகமே பெண்களுக்கு இடமில்லை என்கிறது. பிடியும் சொல்லும் தெரிந்த எந்த ஆணும் கேட்காத கேள்வியை, இரண்டும் தெரியாத ஒரு பெண் பல்லால் கேட்டுவிட்டாள். அந்த மலை நாட்டில் நடந்த ஒரே உண்மையான சோதனை அது.

கிப்ளிங் இதைத் தெரிந்து எழுதினாரா? பாதிதான் என்று நினைக்கிறேன். கதை அவளுக்குக் குரல் எதுவும் தரவில்லை. அதைவிட என்னை உறுத்துவது அந்த பாஷ்காய் தலைவன். அவன்தான் முதலில் பிடியைக் கொடுத்தவன். இவர்கள் மனிதர்கள்தான் என்று ஊகித்த பிறகும் கூட நின்று, கழுத்து அறுபட்டுச் சாகிறவன். மேசன் சகோதரத்துவத்துக்குக் கதையில் யாராவது உதாரணம் என்றால் அவன்தான். அவன் பெயர் என்ன? தெரியாது. முன்பு இந்தியாவில் பார்த்த யாரோ ஒரு ரயில் எஞ்சின் டிரைவர் சாயல் என்று பில்லி ஃபிஷ் என்று கூப்பிடுகிறார்கள், கடைசிவரை அதே பெயர்தான். சகோதரன் என்று கைகுலுக்கியவனின் சொந்தப் பெயரைக் கேட்கத் தோன்றாத சகோதரத்துவம். இதை பீச்சியின் குறை என்று விட்டுவிடலாம். ஆனால் ஒருவரைக்கூட எதிர்க் கேள்வி கேட்க வைக்காததால் இதை ஆசிரியரின் குறையாகவும்தான் எண்ண வேண்டியிருக்கிறது. கதை நடக்கும் இடம் வெறும் கற்பனையும் இல்லை. கதை வந்து பத்து வருஷத்துக்குள், 1895-96ல், அமீர் அப்துர் ரஹ்மானின் படை காஃபிரிஸ்தானைப் பிடித்தது. பழைய தெய்வங்கள் போய், பெயரும் நூரிஸ்தான் என்று மாறியது.

1975ல் ஜான் ஹஸ்டன் இதைப் படமாக எடுத்தார். ஷான் கானரியும் மைக்கேல் கெய்னும் பிரமாதம். பில்லி ஃபிஷ் அங்கே சயீத் ஜாஃப்ரி நடிக்கும் கூர்க்கா. ஆனால் ஹஸ்டன் குறியை விளக்கிவிடுகிறார்: டிராவட் கழுத்தில் மேசன் பதக்கம், கல்லில் அதே சின்னம், அதை விட்டுப்போனவர் சிக்கந்தர், ஆகவே இவன் சிக்கந்தரின் மகன். பார்க்க நன்றாக இருக்கிறது, எல்லாம் பொருந்துகிறது. பொருந்துவதுதான் பிரச்சனை. கிப்ளிங்கின் கதையில் கல்லுக்கு அடியில் அந்தக் குறி எப்படி வந்தது என்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஆளாளுக்குத் தன் அர்த்தத்தை ஊற்றுகிறார்கள், டிராவட் ராஜ்ஜியத்தை ஊற்றுகிறான். படம் வெற்றிடத்தை அடைத்துவிட்டதால், ஒரு தப்பான புரிதல் மட்டும் மிஞ்சுகிறது.

இதெல்லாம் எதற்கு எனக்கு? ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆகணும்.

சில வருஷங்களுக்கு முன், முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரே நாளில் இரண்டு பேரை இன்டர்வியூ செய்தேன். ஒரு பையன், ஒரு பெண். பையன் நான் படித்த அதே கல்லூரி. பேச்சுவாக்கில் எங்கள் ஹாஸ்டலில் ஒரு வார்டனுக்கு வைத்திருந்த பட்டப்பெயரைச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் நான் கேட்ட கேள்விகள் எல்லாம், இப்போது யோசித்தால், அவன் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். அந்தப் பெண் ஒரு சின்ன ஊர்க் கல்லூரியிலிருந்து வந்தவள். நான் வைத்த கணக்கை அவனைவிட நன்றாகப் போட்டாள். என் கேள்வியில் இருந்த ஒரு தப்பையும் தயங்கித் தயங்கிச் சுட்டிக்காட்டினாள். நான் எழுதிக் கொடுத்தது பையன் பெயரை. காரணம் என்ற இடத்தில் 'டீமுக்குப் பொருந்துவான்' என்று எழுதினேன்.

யாரும் என்னிடம் எந்த ரகசியமும் காக்கச் சொல்லவில்லை. கவராயமும் இல்லை, கண் வரைந்த முக்கோணமும் இல்லை. ஒரு வார்டனின் பட்டப்பெயர் போதுமானதாக இருந்தது. இவன் நம்மில் ஒருவன் என்பதற்கு மட்டும் பதிலான ஒன்றை, இவனுக்குத்தான் இந்த வேலை என்பதற்கும் பதிலாக்கிவிட்டேன். டிராவட்டைப் பார்த்து நான் சொன்ன அதே தப்பு. அந்தப் பெண்ணுக்கு அந்தச் சொல் தெரியாது, அவ்வளவுதான். சொந்த ஊரை விசாரிக்கிற மாதிரி, எந்தத் தெரு, யார் வீடு என்று நூல் பிடித்துப் போய் சாதியைக் கண்டுபிடிக்கும் நம்ம ஊர்க் கேள்விகளும் இந்தக் கைகுலுக்கல் வகைதான். அவற்றைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். நானே ஒன்று வைத்திருந்தேன் என்று தெரிய இந்தக் கதையை மூன்றாவது தடவை படிக்க வேண்டியிருந்தது.

சித்தப்பாவுக்கு ஒருவழியாகப் பதில் அனுப்பினேன். உலகத்தை ஆளும் ரகசியச் சொல் எதுவும் அவர்களிடம் இல்லை, இருந்த சொற்களை 1730லேயே அச்சடித்துக் கடையில் விற்றுவிட்டார்கள், எங்கேயோ லண்டனில் தேட வேண்டாம், நம்ம வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை பார்க்கும்போது கேட்கும் முதல் மூன்று கேள்விகளைக் கவனியுங்கள் என்று. நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.